மனத்தில் ஒட்டிக்கொண்ட பாட்டை இறக்கி வைப்பது எப்படி?

ஒரு பாட்டு முழுவதுமாக மனத்தில் ஒட்டிக்கொள்வது அரிது. பல்லவியின் ஒரு வரியோ, அந்த வரியின் பிற்பாதியோ, அதைத் தொடர்ந்து வரும் சிறு தாளக்கட்டோதான் ஒட்டிக்கொள்கிறது. காலையில் பல் துலக்கும்போது தானாகத் தலைகாட்டும் அந்த வரி, கடைசிச் சொல்லை எட்டியதும் இடைவெளியே விடாமல் முதல் சொல்லுக்குத் தாவி மறுபடியும் தொடங்குகிறது. எதிரில் இருப்பவர் முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும், கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், படுக்கையில் கண்ணை மூடிய பிறகும் உள்ளே அதே வரி ஓடிக்கொண்டிருக்கிறது. பிடித்த பாட்டாக இருந்தால் மாலைக்குள் அதன்மீது சலிப்பு வந்துவிடும். பிடிக்காத பாட்டாக இருந்தால் நாள் முழுவதும் எரிச்சல்தான்.

இது யாருக்கும் தனியாக ஏற்பட்ட கோளாறு அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஃபின்லாந்தில் இணையம் வழியாக ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வாரத்தில் ஒரு முறையாவது தங்களுக்கு இப்படி நேர்வதாகக் கூறினார்கள். எந்தப் பாட்டு ஒட்டும் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி யாகுபோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சற்று விரைவான நடையும், எளிதில் பிடிபடும்படி ஏறி இறங்கும் பொதுவான மெட்டமைப்பும், அதற்குள் எதிர்பாராத ஒரு தாவலும் உள்ள பாட்டுகளே அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. வெற்றிபெற்ற திரைப்பாடல்களுக்கும் விளம்பரப் பாட்டுகளுக்கும் இந்த மூன்றும் இருப்பது வழக்கம். ஆகவே, மட்டமான பாட்டு என்று நாம் ஒதுக்கிய ஒன்றே நாள் முழுவதும் தலைக்குள் ஓடினால், அதற்காக நம் ரசனையைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இந்தத் தொல்லையிலிருந்து விடுபட விரும்புபவர் முதலில் கைவிட வேண்டியது, பாட்டோடு மல்லுக்கட்டுவதை. வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லி மக்களை அமரவைத்த உளவியலாளர் டேனியல் வெக்னரின் 1987-ஆம் ஆண்டுச் சோதனையில், அவர்களுக்குக் கரடியின் நினைவு திரும்பத் திரும்ப வந்தது. விலக்க நினைக்கும் ஒன்று விலகிவிட்டதா என்று மனம் இடையிடையே எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதுவே முன்னால் வந்து நிற்கிறது. ‘போ, போ’ என்று பாட்டை விரட்டுபவருக்கும் இதே நிலைதான். ஓடுகிறது, ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே சொல்லும் வழிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வதே நல்லது.

நான் முதலில் பரிந்துரைப்பது, அந்தப் பாட்டை முழுமையாக ஒரே ஒரு முறை கேட்டு முடிப்பது. இது நெருப்பில் நெய் வார்ப்பதாகத் தோன்றலாம். ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் துண்டைக் கூர்ந்து கவனித்தால் காரணம் விளங்கும். அந்த வரி எந்த இடத்தில் திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நமக்குச் சொற்கள் தெரியாமல் போகும் இடத்தில்தான் அது திரும்புகிறது. பல்லவி தெரியும், அனுபல்லவியின் முதல் இரண்டு சொற்கள் தெரியும், அதற்கு மேல் ‘ல ல ல’ என்று குழறுகிறது. குழறிய உடனே மனம் தனக்கு நன்றாகத் தெரிந்த தொடக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. நன்கு அறிமுகமான பாட்டை ஒலிக்கவிட்டு நடுவே சில விநாடிகள் ஒலியை நிறுத்தியபோது, மூளையில் கேட்டலுக்குரிய பகுதி நிற்காமல் அந்த இடைவெளியிலும் இயங்கியதை டேவிட் கிரேமரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் பதிவு செய்தார்கள். விடுபட்ட இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ள மூளை முயல்கிறது. நிரப்புவதற்குச் சரக்கு இல்லாத இடத்தில் சுழல ஆரம்பிக்கிறது என்பது என் கணிப்பு.

இக்காலத்தில் இந்தச் சுழற்சி அதிகமாகியிருப்பதற்கும் காரணம் அதுவே என்று நினைக்கிறேன். குறுங்காணொளிகளில் ஒரு பாட்டின் பதினைந்து விநாடித் துண்டை ஒரே மாலையில் இருபது பேர் ஆடக் கேட்கிறோம்; அந்தப் பாட்டின் சரணத்தை ஒரு முறைகூடக் கேட்டிருக்க மாட்டோம். முன்பு வானொலியிலும் ஒலிநாடாவிலும் பாட்டுக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் இருந்தன. இப்போது நம்மிடம் வந்து சேர்வது முடிவில்லாத துண்டு. அந்தக் காணொளியே முடிந்த இடத்தில் தானாக மறுபடி தொடங்குவதாக அமைக்கப்பட்டிருக்கிறது. வெளியே கேட்ட முறையிலேயே உள்ளேயும் அது ஓடுவதில் வியப்பில்லை.

ஆகவே, அந்தப் பாட்டைத் தேடியெடுத்து, கையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து, தொடக்க இசையிலிருந்து கடைசி ஒலி அடங்கும் வரை கேளுங்கள். பாட்டின் வரிகள் கிடைத்தால் அவற்றை எதிரே வைத்துக்கொண்டு கேட்பது இன்னும் நல்லது. உங்கள் மனம் திரும்பிவிடும் அந்த இடம் வரும்போது, உண்மையில் அங்கே என்ன சொல் இருக்கிறது, மெட்டு எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். பாட்டு எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். மறுபடி அந்தத் துண்டு உள்ளே கிளம்பினால், அதைச் சரணம் வழியாக அந்த முடிவு வரை நடத்திச் செல்லலாம். ஒரு முறை கேட்ட பிறகு இரண்டாம் முறை போடக் கூடாது. இன்னொரு முறை கேட்கலாமே என்ற ஆசை கட்டாயம் எழும். அதற்கு இடம் கொடுத்தால் பாட்டு இறங்குவதற்குப் பதிலாக இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும். எல்லோருக்கும் இந்த வழி பலிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டு முடித்த பிறகும் துண்டு நிற்கவில்லையென்றால் அடுத்த வழிக்குப் போவதே முறை.

அடுத்த வழி வாயைப் பயன்படுத்துவது. உள்ளுக்குள் ஓடும் பாட்டு வெறும் ஓசை நினைவு மட்டும் அன்று. ஓசையில்லாமல் நாமே அதைப் பாடிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொல்லலாம். தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளும் வரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அந்தத் திறனை உளவியலாளர்கள் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் ஆகிய இருவரும் 1974-இல் முன்வைத்த செயல்நினைவுக் (ஒன்றைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் நினைவு) கோட்பாடு ஓர் ஒலிச் சுழலாக விளக்குகிறது. பேச்சுறுப்புகள் வேறு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது அந்தச் சுழல் தடைப்படுகிறது. ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மனத்தில் ஒட்டக்கூடிய பாட்டுகளைக் கேட்ட பிறகு சூயிங் கம் மென்றவர்களுக்கு, எதையும் மெல்லாதவர்களைவிட அந்தப் பாட்டு நினைவுக்கு வருவது குறைந்தது. விரலால் தாளம் போடுவது அந்த அளவுக்கு உதவவில்லை. மெல்லப் பிடிக்காதவர் ஏதேனும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கலாம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே வரலாம், அல்லது ஒருவருக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். முணுமுணுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். அது பாட்டுக்கே வாயைக் கொடுப்பதாகிவிடும். வீட்டிலோ அலுவலகத்திலோ அருகில் இருப்பவருக்கும் அந்தப் பாட்டு தொற்றிக்கொள்ளும் என்பதாலும் முணுமுணுக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, கையிலுள்ள வேலையின் அளவைப் பார்ப்பது. பாத்திரம் துலக்குதல், துணி மடித்தல், பழகிய வழியில் நடத்தல் போன்ற வேலைகளுக்கு மனம் முழுவதும் தேவைப்படாததால், மிஞ்சிய இடத்தில் பாட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படியானால் மிகக் கடினமான வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஐரா ஹைமனும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட சோதனைகளில், புதிர் மிக எளிதாக இருந்தபோதும் பாட்டு வந்தது, மிகக் கடினமாக இருந்தபோதும் வந்தது. கடினமான வேலையில் மனம் களைத்து அலையத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, முயன்றால் முடிகிற, முயலாவிட்டால் முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொற்களோடு தொடர்புடைய வேலையாக இருந்தால் சிறப்பு. குறுக்கெழுத்துப் புதிரும், கலைந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் விளையாட்டும், கதையோட்டம் உள்ள நாவலும் இதற்கு மிகவும் பொருத்தமானவை. பாதியில் நிற்கும் ஒரு கடிதத்தை எழுதி முடிப்பதும் நல்ல யோசனைதான். பாட்டும் போகும், கடிதமும் முடியும்.

ஒரு பாட்டை இன்னொரு பாட்டால் விரட்டும் வழக்கம் பலருக்கும் உண்டு. பிரிட்டனில் இதைப் பற்றி ஆராய்ந்தபோது, சிலர் தங்கள் நாட்டுப்பண்ணையே இந்த வேலைக்குப் பயன்படுத்துவது தெரியவந்தது. நீளமாகவும் நிதானமாகவும் செல்கிற, முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டு கைவசம் இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். புதிதாக வந்த துள்ளல் பாட்டை மாற்றாக எடுத்தால், ஒரு தொல்லை போய் இன்னொன்று வந்து சேரும்.

பாட்டு எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் பின்னோக்கிப் பார்ப்பதும் பயன்தரும். அண்மையில் காதில் விழுந்தது முதற்காரணமாக இருக்கலாம். அப்படி இல்லையென்றால் யாரோ சொன்ன ஒரு சொல் அந்தப் பாட்டிலும் இருந்திருக்கும். அந்தப் பாட்டோடு சேர்த்து நினைவில் நிற்கும் ஒரு நண்பரைப் பற்றிய பேச்சு வந்திருக்கும். அல்லது அப்போதைய மனநிலைக்கு ஏற்றதாக மனமே அதைத் தேர்ந்தெடுத்திருக்கும். வெகுநாளாகக் கேட்காத ஒரு சோகப் பாட்டு காலையிலிருந்து ஓடுகிறதென்றால், நாம் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அது நமக்கு முன்பாகவே சொல்லிவிடுகிறது. அவ்வாறான பாட்டை இறக்கி வைக்க மெல்லுவதோ எண்ணுவதோ வேண்டியதில்லை. அந்த மனிதரோடு பேசிவிடுவதே போதுமானதாக இருக்கும்.

இரவில் வரும் பாட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். பேலர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, உறங்கும் வேளையில் இசை கேட்பவர்களுக்கு நடு இரவிலும் பாட்டு மனத்தில் ஓடுவதையும் அதனால் உறக்கத்தின் தரம் குறைவதையும் காட்டியது. சொற்கள் இல்லாத வாத்திய இசை தொல்லை தராது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், நன்றாகத் தெரிந்த பாட்டுகளின் வாத்திய வடிவமே அந்தச் சோதனையில் அதிகத் தொல்லை கொடுத்தது. விடுபட்ட சொற்களை மனம் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது போலும். ஆகவே, படுப்பதற்குச் சற்று முன்பே பாட்டையும் குறுங்காணொளிகளையும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் பாட்டு விடவில்லையென்றால், மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். இப்படி எழுதியவர்கள் சீக்கிரம் உறங்கியதாக அதே ஸ்கல்லினின் 2018-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. தாளில்தான் எழுத வேண்டும். கைப்பேசியைத் திறந்தால் காணொளிகள் அங்கேயே காத்திருக்கும்.

இங்கே கூறியவை எல்லாம், உள்ளே ஓடுவது நினைவுதான் என்று நமக்கே தெரிந்திருக்கும் நிலைக்கு மட்டுமே பொருந்தும். பாட்டு வெளியே எங்கோ ஒலிப்பதாகவே காதில் கேட்டாலோ, காதில் இரைச்சலும் கேட்கும் திறனில் குறைவும் சேர்ந்து இருந்தாலோ, வேலையும் உறக்கமும் கெடும் அளவுக்கு நாள்கணக்கில் நீடித்து மனத்தை வதைத்தாலோ, காது மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வேண்டும். அப்போது எந்தப் பாட்டு, எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகமாகிறது, புதிதாக ஏதேனும் மருந்து சாப்பிடத் தொடங்கியிருக்கிறீர்களா என்ற விவரங்களைக் குறித்து எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.