மெமரி ஃபோம் மெத்தை வாங்கப் போகிறீர்களா? முதலில் ஜிப்பைத் திறந்து பாருங்கள்

மெத்தைக் கடைக்குள் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “இது எத்தனை இஞ்ச் தம்பி?” என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது விலை. ஆறு இஞ்சைவிட எட்டு இஞ்ச் நல்லது என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். அந்த எட்டில் மெமரி ஃபோம் எவ்வளவு என்று கேட்கிறவர் அபூர்வம். ஒரு இஞ்ச்கூடத் தேறாத மெத்தையும் மெமரி ஃபோம் என்ற பெயரில்தான் விற்கிறது.

நான் மதுரையில் மெத்தை விற்கிறவன். அப்பா போடியில் இலவம்பஞ்சு மெத்தை தைத்தவர். விற்கிறவன் சொல்லும் யோசனையை எப்படி நம்புவது என்றால், நம்பவே வேண்டாம். கீழே சொல்வதில் முக்கால்வாசியை நீங்களே கையால் தொட்டும் தராசில் வைத்தும் சரிபார்த்துக்கொள்ளலாம். கம்பெனிப் பெயர் எதுவும் வராது.

உள்ளே என்ன இருக்கிறது?

மெமரி ஃபோம் என்பது பாலியூரித்தேன் ஃபோமில் ஒரு வகை. அழுத்தினால் மெதுவாக அமுங்கும், விட்டால் மெதுவாக எழும். உடம்புச் சூட்டில் இளகி, தோளும் இடுப்பும் பதியும் இடத்தில் குழிந்துகொடுக்கும். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்பவர் விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கிய பொருள் இது. அட்டையில் “நாசா தொழில்நுட்பம்” என்று போட்டிருப்பது பொய் இல்லை. ஆனால் உங்கள் முன்னால் கிடக்கும் மெத்தையின் தரத்துக்கும் அந்த வாசகத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

முழு மெத்தையையும் மெமரி ஃபோமிலேயே செய்தால் படுத்தவர் புதைந்துபோவார். அதனால் மேலே ஒன்று முதல் மூன்று இஞ்ச் வரை மெமரி, அடியில் தாங்குவதற்கு வேறு ஃபோம். அடியில் இருப்பது சாதாரண பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமாக இருக்கலாம், அதைவிட நல்ல, அமுக்கினால் துள்ளி எழும் ஹெச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ்) ஃபோமாக இருக்கலாம், ரீபாண்டட்டாகவும் இருக்கலாம். ரீபாண்டட் என்றால் கழிவு ஃபோமைத் துண்டாக்கி ஒட்டி அழுத்தியது. வெட்டிப் பார்த்தால் பல நிறத் துண்டுகள் தெரியும், கையால் அமுக்கினால் கெட்டியாக இருக்கும்.

ஆகவே கடையில் முதல் வேலை, கவரின் ஜிப்பைத் திறக்கச் சொல்வது. ஜிப் இல்லாத, சுற்றிலும் தைத்து மூடிய மெத்தை என்றால் வெட்டுத்துண்டு மாதிரியைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். திறந்ததும் மேல் அடுக்கை மட்டும் உள்ளங்கையால் நன்றாக அமுக்கி எடுங்கள். கைத்தடம் சில விநாடி நின்று, அப்புறம் மெல்ல மறைய வேண்டும். கையை எடுத்த உடனே துள்ளி எழுந்தால் அது மெத்தென்ற சாதாரண ஃபோம். வெயில் நேரத்தில், ஏசி இல்லாத கடையில் அசல் மெமரி ஃபோமும் கொஞ்சம் சீக்கிரமாகவே எழும். அதற்காக உடனே சந்தேகப்பட வேண்டாம்.

எடை போட்டுப் பாருங்கள்

அடுத்து டென்சிட்டி. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அது. கெட்டியா மெத்தென்றா என்பது வேறு விஷயம். டென்சிட்டி அதிகமுள்ள ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம். மெத்தை எத்தனை வருடம் குழி விழாமல் உழைக்கும் என்பதை இந்த எண்ணை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். மெமரி அடுக்குக்கு 50 கிலோவுக்குக் குறையாமலும், அடி ஃபோமுக்கு 32 கிலோவுக்குக் குறையாமலும் பார்த்து வாங்கச் சொல்வேன். 80 கிலோவைத் தாண்டிய உடம்பு என்றால் அடி அடுக்கில் 40 கேளுங்கள்.

எந்த எண்ணையும் வாயால் சொல்லிவிடலாம். தராசில் ஏற்றினால் தெரிந்துவிடும். நீளம், அகலம், கனம் மூன்றையும் இஞ்சில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். அதை டென்சிட்டியால் பெருக்கினால் கிலோ. நம் ஊரில் அதிகம் போகும் 75க்கு 60 அளவில் ஆறு இஞ்ச் மெத்தையை எடுத்துக்கொள்வோம். இரண்டு இஞ்ச் மெமரி 50 டென்சிட்டி என்றால் ஏறத்தாழ 7.4 கிலோ. நாலு இஞ்ச் ஹெச்.ஆர். 32 டென்சிட்டி என்றால் 9.4 கிலோ. இரண்டும் சேர்ந்து 17 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கவர் தனி. அந்த மெத்தை தராசில் 12 கிலோ காட்டினால் சொன்ன எண்ணில் ஏதோ ஒன்று பொய். எடை கூடுதலாக இருந்தாலும் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ரீபாண்டட் ஃபோம் எடை அதிகமானது, அதை அடியில் வைத்துக் கிலோவை ஏற்றிவிடலாம். அதனால்தான் ஜிப்பை முதலில் சொன்னேன்.

நீங்கள் படுக்கும் அறையின் சூடு

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். கடைக்குள் ஏசி 22 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே படுத்துப் பார்த்து “அப்பாடா, கரெக்டா இருக்கு” என்று எடுத்துப் போன மெத்தை, மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள படுக்கையறையில் சித்திரை மாதம் வேறு மெத்தையாக இருக்கும். இன்னும் ஆழமாகப் புதையும். புதையப் புதைய உடம்பைச் சுற்றிக் காற்று போகாது, முதுகு வேர்க்கும். இலவம்பஞ்சில் படுத்துப் பழகியவர்களுக்கு இது கூடுதலாகவே தெரியும். ஊட்டிக்காரர்களுக்கும் கொடைக்கானல்காரர்களுக்கும் தலைகீழ்ப் பிரச்சினை. மார்கழியில் படுத்த முதல் சில நிமிடம் மெத்தை விறைப்பாக இருக்கும், உடம்புச் சூடு ஏறிய பிறகுதான் இளகும்.

ராத்திரி முழுக்க ஏசி ஓடும் வீடா? இரண்டரை, மூன்று இஞ்ச் மெமரிகூடத் தாராளமாக வாங்கலாம். ஃபேன் மட்டும்தான் என்றால் மெமரி ஒன்று அல்லது ஒன்றரை இஞ்சுக்கு மேல் வேண்டாம், கடையில் பார்க்கும்போது உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி கெட்டியானதை எடுங்கள். ஜெல் கலந்த ஃபோம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். படுத்த புதிதில் குளுமை தெரியும், உண்மைதான். கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, காற்றுப் போகும் பருத்திக் கவருக்குக் கொடுக்கலாம். வேர்வை அதிகமுள்ளவர், கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் நான் மெமரி ஃபோமையே தள்ளிவிட்டு லேடெக்ஸ் என்ற ரப்பர் ஃபோம் மெத்தையைக் காட்டுவேன். விலை கூடுதல்தான்.

யார் படுக்கப் போகிறார்கள்?

ஒருக்களித்துப் படுப்பவருக்குத்தான் மெமரி ஃபோம் அதிகம் உதவும். தோள்பட்டையும் இடுப்பும் உள்ளே இறங்கினால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரக் கெட்டி போதும். குப்புறப் படுப்பவர் புதைந்தால் இடுப்பு வளையும், அவருக்குக் கெட்டியான மெத்தைதான் சரி.

கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். முடிந்தால் சொந்தத் தலையணையைக் கொண்டுவாருங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை ரொம்பக் கெட்டி. நுழையவே இல்லை என்றால் ரொம்பப் புதைகிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்தே வந்து படுத்துப் பார்ப்பது நல்லது. ஒருவர் புரண்டால் இன்னொருவருக்குத் தெரியாது என்பது மெமரி ஃபோமின் உண்மையான நல்ல குணம்.

“ஆர்த்தோ” என்று எழுதியிருந்தாலே இடுப்புவலிக்கு மருந்து என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அந்தப் பெயரில் வருவதில் பாதி, ரீபாண்டட் வைத்த கெட்டி மெத்தை. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் சிலருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. வலி தீவிரமாக இருந்தால் மெத்தைக்கடைக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.

வயதானவர்களுக்கு வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். 18 இஞ்ச் கட்டில் மேல் பத்து இஞ்ச் மெத்தை போட்டால் 28 இஞ்ச். பாட்டி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அதோடு குழிக்குள் இருந்து புரண்டு எழுவதும் சிரமம். அவர்களுக்கு ஒரு இஞ்ச் மெமரி வைத்த ஐந்து இஞ்ச் மெத்தையே போதும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க டாக்டர் சொல்லும் ஏர் பெட்தான் வாங்க வேண்டும். கைக்குழந்தையை மெமரி ஃபோமில் தனியாகக் கிடத்தவே கூடாது. முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ளத் தெரியாது.

கட்டிலும் பராமரிப்பும்

கட்டிலைக் கடையில் சொன்ன அளவை வைத்து நம்பாமல், உள்பக்கமாக டேப் வைத்து இஞ்சில் அளந்து வாருங்கள். ஆறேகால் அடி என்று ஆசாரி செய்து கொடுத்த பழைய கட்டில் 74 இருக்கும், 76-ம் இருக்கும். பலகைக் கட்டில் என்றால் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி மூன்று இஞ்சைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஃபோம் இடுக்கில் தொங்கி அங்கங்கே குழியும். சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலில் பிளைவுட்டில் ஆங்காங்கே துளை போடச் சொல்லுங்கள். வெறும் தரையில் போட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

அப்பா தைத்த மெத்தைகளை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டினால் பஞ்சு உப்பிவிடும். அந்தப் பழக்கத்தில் ஃபோம் மெத்தையையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகிறார்கள். வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். நிழலில் காற்றாட வைத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதல் நாளே ஈரம் இறங்காமல் காக்கும் ப்ரொடெக்டர் உறை போடுங்கள், மெல்லியதாக. கனமான பிளாஸ்டிக் உறை போட்டால் மெமரி ஃபோமின் சுகமும் போகும், வேர்வையும் கூடும்.

மெத்தை பழசானாலும் இன்னும் குழி விழவில்லை, படுக்கத்தான் கெட்டியாக இருக்கிறது என்றால் புதிது வாங்கவே வேண்டாம். இரண்டு இஞ்ச் மெமரி டாப்பர் மட்டும் வாங்கி மேலே போடுங்கள். இதை நான் சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால்

சுருட்டி, காற்றை உறிஞ்சி அட்டைப்பெட்டியில் அனுப்புவார்கள். பிரித்ததும் ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு நாள் விடுங்கள். முழுக் கனத்துக்கு உப்பவும் புது ஃபோம் வாடை போகவும் அந்த நேரம் வேண்டும். 100 இரவு சோதனை என்று பல கம்பெனிகள் தருகின்றன, நல்ல வசதிதான். உங்கள் ஊருக்கு வந்து திருப்பி எடுப்பார்களா, பணமாகத் தருவார்களா அல்லது வேறு மெத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வார்களா என்பதை ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள். கறை பட்டிருந்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். சோதனை நாட்களில் ஒருநாள் வேண்டுமென்றே ஏசியை அணைத்துவிட்டும் படுத்துப் பாருங்கள்.

வாரண்டி பத்து வருடம் என்று போட்டிருக்கும். எத்தனை இஞ்ச் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பது உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு இஞ்ச் குழி என்றால் பரவாயில்லை, ஒன்றரைக்கு மேல் என்றால் அந்த வாரண்டி வருவதற்குள் உங்கள் இடுப்பு போய்விடும். பில்லை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் உள்ள மை சீக்கிரமே மங்கிவிடுகிறது. மெத்தை ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைக் கத்தரிக்காதீர்கள், புகார் சொல்லும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.