மாசி மகத்துக்குப் புதுச்சேரி: முதல் முறை போகிறவர்களுக்கு

"புதுச்சேரிக்குப் போகிறேன், என்ன பார்க்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, என்றைக்குப் போகிறீர்கள் என்பதைத்தான். மஞ்சள் சுவரும் கடலும் எப்போது போனாலும் இருக்கும். ஆனால் ஊரே கடலைப் பார்த்து நடக்கிற நாள் ஒன்று உண்டு, மாசி மகம். அந்த நாளை வைத்துத் திட்டமிடுங்கள்.

1. நாள் குறியுங்கள்
மாசி மாதம் மக நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டி வரும். ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும் என்பதால் காலண்டரில் பார்த்துவிட்டு அறை போடுங்கள். மாசியில் முடியாதா, ஜூலை 14 இருக்கிறது. பிரெஞ்சு தேசிய நாளான அன்று, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம்மூர்ப் பெரியவர்கள், ஊர்ப்பேச்சில் சொல்தாக்கள், பதக்கங்கள் அணிந்து கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு வருவார்கள். ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது.

2. முந்தின நாளே போய்ச் சேருங்கள்
சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சுவாமிகள் கடலில் நீராடுகிற தீர்த்தவாரி நடப்பது நகரின் வடக்கே, வைத்திக்குப்பம் கடற்கரையில். காலையில் அந்தப் பக்கம் வண்டி நகராது, அதனால் நடந்து போகிற தூரத்தில் தங்குங்கள்.

3. அன்று மாலை
கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விட மாட்டார்கள், மறுநாள் காலை 7.30 வரை நடக்கிறவர்களுக்குத்தான் சாலை. காந்தி சிலை, 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், அப்படியே உள்ளே திரும்பினால் பாரதி பூங்கா, ஆயி மண்டபம், மணக்குள விநாயகர். பாறைகள் மேல் ஏறிக் கடலில் இறங்க வேண்டாம், அலை இழுத்துவிடும்.

4. மகத்தன்று காலை
விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். குருசுக்குப்பம் தாண்டும்போதே மேளச் சத்தம் கேட்கும். மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், செஞ்சி ரங்கநாதர் என்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் சுவாமிகள் வந்து, உள்ளூர்க் கோயில் சுவாமிகளோடு மணலில் வரிசையாக நிற்பார்கள். ஒரே இடத்தில் நின்றுவிடாமல் மெதுவாக அந்த வரிசை முழுக்க நடந்து பாருங்கள், ஒவ்வொரு சுவாமிக்கும் அலங்காரம் வேறு, மேளம் வேறு, கூட வந்திருக்கிற ஊர்க்காரர்களின் பேச்சும் வேறு. எனக்கு இதுதான் திருவிழாவின் உயிர். வருஷம் முழுக்கக் கோயிலுக்குள் போய்ப் பார்க்கிற சாமி, அன்று நம்மைப் போலவே கடல் பார்க்க வந்து நிற்கிறது.

தீர்த்தவாரி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக அலையை நோக்கி நகர்வார்கள். குழந்தையோ வயதானவரோ கூட இருந்தால் கொஞ்சம் பின்னால் மேட்டு மணலில் நில்லுங்கள். கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள்.

5. என்ன கொண்டுபோக வேண்டும்
தண்ணீர், துண்டு, மாற்றுத்துணி, சில்லறை. நல்ல செருப்பை அறையிலேயே விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, வழியெங்கும் அன்னதானமும் நீர்மோரும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

6. மதியத்துக்கு மேல்
வெயில் தாளாது, அறைக்குப் போய்த் தூங்குங்கள். அப்புறம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். இரவில் தெருவில் மேளம் கேட்டால் இறங்கிப் போய்ப் பாருங்கள், எல்லா சுவாமியும் அன்றே ஊர் திரும்பிவிடுவதில்லை. எந்தத் தெருவில் உலா வரும் என்று பக்கத்துப் பூக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.