சைபர் எழுதிய படிவத்தோடு கிராமத்துக்குப் போவது எப்படி

பர்மாவின் மோன் மாநிலத்தில், முடோன் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிராமங்களுக்குப் போய், அங்கேயே காய்ச்சல்காரர்களுக்கு டெஸ்ட் செய்து மருந்து கொடுக்கும் மலேரியா தன்னார்வலர்களைப் பார்த்து வருவது என் வேலை. காகிதத்தில் இதற்குப் பெயர் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கான தொழில்நுட்ப உதவி. நடைமுறையில் ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பை, வீட்டுக்கு வீடு டீ. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர், "அங்கே போய் என்னதான் பார்க்கணும்?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கிளம்புவதற்கு முன் போன மாதப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'மலேரியா உறுதியானவர்கள்' என்ற கட்டத்தில் சைபர் இருந்தால் சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம். பக்கத்துக் கட்டத்தில் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்று இருக்கும். முப்பது பேரைப் பார்த்து ஒருவருக்கும் இல்லை என்றால் அது நல்ல சைபர். யாரையுமே பார்க்காவிட்டாலும் அதே கட்டத்தில் அதே சைபர்தான் விழும். மேலிடத்தில் கணினியில் கூட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். பர்மா 2030க்குள் மலேரியாவை ஒழித்துவிடுவதாகக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நம் சைபரும் ஒன்று.

நான் முன்பு மைக்ராஸ்கோப் பார்த்தவன். ரத்தத் தடவலில் மலேரியா இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு ஒட்டுண்ணி கண்ணில் பட்டால் போதும். இல்லை என்று சொல்வதற்குக் குறைந்தது நூறு களமாவது, அதாவது லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் நூறாவது, நகர்த்திப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும். 'இல்லை' என்று எழுதத்தான் வேலை அதிகம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

போகும் நேரம் முக்கியம். ரப்பர் பால் வெட்டும் மாதங்களில் காலையில் போகாதீர்கள், ஊரில் ஆள் இருக்காது. நள்ளிரவு தாண்டி எழுந்து தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர்கள், பாலை ஊற்றிவிட்டு வந்து மத்தியானம் தூங்குவார்கள். மூன்று, நாலு மணிக்குப் போனால் பேச ஆள் கிடைக்கும். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு கடிப்பது ராத்திரியில். அந்த நேரத்தில் பால் வெட்டுகிறவர் கொசுவலைக்குள் இல்லை. அதனால் "வலை கொடுத்தோமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முழுக்கைச் சட்டை போடுகிறாரா, கொசு விரட்டும் கிரீம் தடவுகிறாரா என்று கேளுங்கள். அப்படியே கிணற்றையும் எட்டிப் பாருங்கள். அதில் ஒரு வகையான அனாபிலிஸ் டைரஸை எல்லோரும் காட்டுக் கொசு என்பார்கள். ஆனால் நம் முடோன் பக்கத்தில் அது வீட்டுக் கிணற்றிலேயே வளர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தன்னார்வலர் வீட்டில் உட்கார்ந்ததும் பதிவேட்டைக் கேட்காதீர்கள், பெட்டியைக் கேளுங்கள். ஒரு துளி ரத்தத்தில் மலேரியா இருக்கிறதா என்று கோடு காட்டும் டெஸ்ட் அதில்தான் இருக்கும். போன தடவை இருந்த டெஸ்ட் எத்தனை, நடுவில் வந்தது எத்தனை, பதிவேட்டில் எழுதியது எத்தனை, கெட்டுப்போனது எத்தனை? கூட்டிக் கழித்து வருவதும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு கிராமத்தில் ஒத்துப்போகவில்லை. இருபத்தைந்து டெஸ்ட் இருந்தது, பதிவேட்டில் ஆறு வரி. பெட்டியில் பத்தொன்பது இருக்க வேண்டும். எண்ணினால் பதினாலுதான். அந்த ஊர்த் தன்னார்வலர் அக்கா என்னைவிட மூத்தவர், நேர்மையானவர். "எலி இழுத்திருக்கும் செயா" என்று சிரித்தார். செயா என்பது பர்மியில் மரியாதையாகக் கூப்பிடும் சொல். நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருப்பதும் வேலையில் ஒரு பகுதிதான். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அது தோட்டத்துக்கு வந்த வெளியூர்ப் பசங்க. பேரை எழுதாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதான் எழுதல."

திட்டத் தோன்றும். திட்டாதீர்கள். அந்த ஐந்து பேரைத்தான் நாம் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் போகிறவர்கள் உடம்பில்தான் ஒட்டுண்ணியும் பயணம் போகிறது. "பெயருக்குப் பதில் ஒரு எழுத்து போடுங்க அக்கா. வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊரிலிருந்து வந்தார், கடைசி இரண்டு வாரம் ராத்திரி எங்கே படுத்தார், அவ்வளவு போதும்" என்றேன். அந்தக் கடைசிக் கேள்விதான், நோய் இங்கே பிடித்ததா வெளியே பிடித்ததா என்று சொல்லும்.

அப்புறம் பதிவேட்டைத் திறக்கலாம். நம்முடையது கார்பன் தாள் வைக்காமலே நகல் விழும் பதிவேடு. அழுத்தி எழுதாவிட்டால் அடித்தாளில் ஒன்றும் தெரியாது. அழுத்தி எழுதினால் அடுத்த செட்டிலும் பதிந்து, போன வாரத்துச் சிறுவனின் வயசு இந்த வாரத்துப் பாட்டி மேல் ஏறிக்கொள்ளும். ஒரு செட் முடிகிற இடத்தில் காலண்டர் அட்டையை வெட்டிச் செருகச் சொல்லுங்கள். பத்துப் பயிற்சி வகுப்பில் திருந்தாத படிவம் ஒரு அட்டையில் திருந்தியிருக்கிறது.

ஒரு டெஸ்டைக் கண் முன்னால் செய்யச் சொல்லிப் பாருங்கள். உறையைப் பிரித்ததும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைப் பார்க்கிறாரா? அதன் நிறம் மாறியிருந்தால் அந்த டெஸ்டைத் தூக்கிப் போட வேண்டும். ரத்தம் அளவாக எடுக்கிறாரா, டெஸ்டில் விடும் கரைசலை எண்ணிச் சொட்டுவிடுகிறாரா, அந்தப் பாட்டில் இதே பெட்டியோடு வந்ததா? அடுத்தது நேரம். நாங்கள் கொடுப்பதில் பதினைந்து நிமிஷத்துக்கு முன் பார்க்கக் கூடாது, அரை மணிக்கு மேல் போனதையும் நம்பக் கூடாது. "உலை வச்சு அரிசி போடற நேரம்" என்று ஒருவர் சொன்னார். யார் வீட்டு உலை? போனில் அலாரம் வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான், பாசிட்டிவ்தான். குணமாகி இரண்டு வாரமானவருக்கு மறுபடி டெஸ்ட் செய்தால் ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகைக்கான கோடு இன்னும் வரலாம், அதைப் புது நோய் என்று எழுத வேண்டாம்.

சூடு பற்றி என் சொந்தக் கதை ஒன்று. தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் ஒரு பெட்டி டெஸ்டை வண்டியில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். ஏப்ரல் வெயில். திரும்பி வந்து தொட்டால் பெட்டி சுடுகிறது. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்பாட்டுக் கோடு பளிச்சென்று வந்தது. அப்பாடா என்று நினைத்தது தப்பு. அந்தக் கோடு, திரவம் ஓடியதற்குத்தான் சாட்சி, நோயைக் கண்டுபிடிக்கும் கோடு பிழைத்திருக்கிறது என்பதற்கு இல்லை. கெட்டுப்போன டெஸ்டும் சைபர் கொடுக்கும். மொத்தத்தையும் கழித்துவிட்டு அறிக்கையில் என் பெயரையே எழுதினேன். பெட்டி மேல் வெப்ப வரம்பு அச்சிட்டிருக்கும், படியுங்கள். தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைக்காமல் தண்ணீர்ப் பானைப் பக்கம், ஈரம் படாமல் வைக்கச் சொல்லுங்கள்.

மருந்தில் எனக்குக் கவலை இன்னொரு மலேரியா வகையான விவாக்ஸ்தான். ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமீத்தர்-லூமிபேன்ட்ரின் மூன்று நாள், ஆறு வேளை. ஆபத்து என்று பயந்து விழுங்கிவிடுவார்கள். விவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். அதைத் தடுக்கும் ப்ரைமாக்குவினைப் பதினாலு நாள் சாப்பிட வேண்டிவந்தால், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரை தலையணைக்கு அடியில் போய்விடும். வீட்டுக்குப் போய் அட்டையில் மிச்சத்தை எண்ணுங்கள். பால் விடாத டீ நிறத்தில் சிறுநீர் போனால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அப்படி ஆகும். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரையே கிடையாது.

பாசிட்டிவ் வந்தால் ஒன்று-மூன்று-ஏழு. சீனாவில் பிறந்த கணக்கு இது: ஒரு நாளுக்குள் தகவல், மூன்று நாளுக்குள் விசாரணை, ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. சிக்னல் இல்லாத கிராமத்தில் தகவல் யார் வண்டியில் போகும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இத்தனையும் பேசும்போது மலேரியா என்று மட்டும் சொன்னால் போதாது. பர்மியில் பறவைக் காய்ச்சல் என்று பொருள்படும் பெயர், நம் வீடுகளில் குளிர் காய்ச்சல். தான்பியூசயாத் பக்கத்துக் கிழவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1942-43இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே ரயில் பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் செத்து விழுந்த கதையை அவர்களே நமக்குச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அவசரமாக எழுந்திருக்காதீர்கள்.

கிளம்பும்போது அடுத்து வரும் தேதியைத் தன்னார்வலர் கையாலேயே அவர் வீட்டுக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவை நான் எழுதிவிட்டு வந்தேன். அந்தத் தேதியில் போனால் வீடு பூட்டியிருந்தது. அக்கா மௌலமைனுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெட்டிச் சாவி அவர் இடுப்பில்.