ஆற்றங்கரையில் நடைபாலம்: கடைக்கால் தோண்டுமுன் மரங்களை மதிப்பிடுவது எப்படி

இரண்டு மீட்டர் அகல நடைபாலத்துக்கு நாலைந்து மரங்கள் போனால் போதும் என்றுதான் திட்ட அறிக்கைகளில் எழுதியிருக்கும். பாலத்தின் தடத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் துளையிடும் ரிக் கரையிறங்க 4 மீட்டர் அகலப் பாதை வேண்டும். கம்பி, ஜல்லி, மணல் கொட்ட இடம் வேண்டும். கிரேன் நின்று திரும்ப வேண்டும். தொங்குபாலமாக இருந்தால் அதன் வடங்களை இழுத்துப் பிடிக்கும் நங்கூரக் கட்டைகள் கரையிலிருந்து பின்தள்ளி, பெரும்பாலும் மரங்கள் நிற்கும் மேட்டிலேயே விழும். ஆகவே மதிப்பீட்டு எல்லையைப் பாலத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, வேலை நடக்கும் இடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். இதைப் பாலத்தின் இடம் உறுதியாகுமுன் செய்தால் தூணை மூன்று மீட்டர் தள்ளி வைக்க முடியும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு செய்தால், வெட்டப்போகும் மரங்களுக்கு எண் போட்ட வேலையாகத்தான் முடியும்.

காவிரி, தாமிரபரணி போன்ற ஆறுகளின் கரையை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறோம். நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, அத்தி, அரசு, ஆற்றுப்பூவரசு, மூங்கில் தூறு, பனை, நடுநடுவே சீமைக்கருவேலம் என்று கலந்து நிற்கும் கரைகள் இவை.

எப்போது போவது

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். டெல்டாவில் கரையின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிவது இந்த இடைவெளியில்தான். வேர் எவ்வளவு வெளியே தொங்குகிறது, கரை எவ்வளவு உள்ளே குடைந்திருக்கிறது என்பதை அப்போதுதான் அளக்க முடியும். ஆனால் அதே மாதங்களில் மருது இலை உதிர்த்து நிற்கும். மொட்டையாக நிற்பதைப் பார்த்து ‘பட்ட மரம்’ என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் வந்தால் விரல் பருமனுள்ள கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் இருந்தால் உயிரோடு இருக்கிறது. வேருக்கும் கரைக்கும் ஒரு முறை கோடையில், இலைக்கும் கொப்புக்கும் (கிளைகள் விரிந்த மேற்பகுதிக்கும்) ஒரு முறை மழைக்குப் பின், ஆக இரண்டு முறை போவதே சரி.

வெள்ளம் வடிந்த சில வாரங்களில் போனால் இன்னொரு தகவல் இலவசமாகக் கிடைக்கும். கிளைகளில் சிக்கிய துணி, பிளாஸ்டிக், வைக்கோல் எந்த உயரத்தில் தொங்குகிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது. அதை மட்டக் கருவியால் எடுத்துப் பொறியாளரின் உச்ச வெள்ள மட்டத்தோடு ஒப்பிடுங்கள். தாமிரபரணியில் 2023 டிசம்பர் வெள்ளம் பழைய கணக்குகள் பலவற்றை மறுபடி பார்க்க வைத்தது. பாலத்தின் அடிப்பாகம் உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) விதிப்படி இடைவெளி விட்டு நிற்க வேண்டும். நொடிக்கு 300 முதல் 3000 கனமீட்டர் வரை நீர் போகும் ஆற்றில் அது 1.2 மீட்டர், அதற்கு மேல் போனால் 1.5 மீட்டர். ஆகவே நடைதளம் மரத்தின் அடியை ஒட்டிப் போவதில்லை, கொப்புகளுக்கு நடுவே நுழைகிறது. கிளைகளின் உயரத்தைத் தரையிலிருந்து மட்டும் எழுதினால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

எதுவரை, எப்படிக் குறிப்பது

பாலம், அணுகுபாதை, வேலைக்களம், வண்டிப் பாதை எல்லாவற்றின் வெளிக்கோட்டையும் வரைந்து, அங்கிருந்து அந்தக் கரையின் மிக உயரமான மரத்தின் உயரத்தோடு 5 மீட்டர் கூட்டி எல்லையிடுங்கள். விழுந்தால் பாலத்தைத் தொடக்கூடிய மரம் ஒன்றுகூட விடுபடாது. இதற்கு மேல், நீரோட்டத்தின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் கரையோர மரங்களை மட்டும் 50 மீட்டராவது நடந்து பாருங்கள். மேல்பக்கத்தில் சாயும் மரம் வெள்ளத்தில் வந்து தூணில் மாட்டும். கீழ்பக்கத்தில் வேறு தொல்லை: புதிய தூணும், பாலத்தின் முனையில் கரை மண்ணைத் தாங்கும் இறக்கைச் சுவரும் ஓட்டத்தைத் திருப்பும், சுவர் முடியும் இடத்தில் கரை அரிக்கும், இன்று உறுதியாக நிற்கும் மரம் மூன்று வெள்ளத்தில் சாயும்.

கைப்பேசி ஜிபிஎஸ் அடர்ந்த கொப்பின் கீழே பல மீட்டர் தவறும். சர்வேயரின் டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) ஒவ்வொரு மரத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அதன் ஒளியைத் திருப்பி அனுப்பும் ப்ரிசத்தைப் பட்டையில் ஒட்டிப் பிடித்தால் கிடைப்பது மரத்தின் முகம்தான், நடு அல்ல, 80 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் 40 செ.மீ. பிழை. தூணுக்கும் மரத்துக்கும் இடையே சண்டை வருவது அரை மீட்டரில்தான் என்பதால், பாதி விட்டத்தைக் கூட்டித் திருத்த வேண்டும். எண்ணைப் பெயின்டில் எழுதினால் போதும். ஆணி அடித்தே ஆக வேண்டுமென்றால் அலுமினிய ஆணியைப் பாதி மட்டும் அடியுங்கள்.

அளவு

நெஞ்சுயரச் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் எடுப்பது இந்திய வனத்துறை வழக்கம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த உயரத்தை அளக்க வேண்டும். சாய்ந்த மரத்தில் நாடாவைத் தண்டுக்குக் குறுக்கே சுற்றுங்கள், தரைக்கு இணையாக அல்ல. அடிமரத்தில் பலகைபோல் விரியும் பலகை வேர் உயர்ந்திருந்தால் அது முடிந்த இடத்துக்கு மேலே. பிறகு உயரம், நான்கு திசையிலும் கொப்பின் நீட்சி, பாலம் வரும் பக்கத்தில் மிகத் தாழ்ந்த பெரிய கிளையின் உயரமும் திசையும்.

வேர்ப் பாதுகாப்பு வட்டம் என்பது வேருக்காகத் தொடாமல் விட வேண்டிய இடம். அதற்குக் கட்டுமானத்தின் அருகே நிற்கும் மரங்களுக்கான பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 5837 (2012) தரும் கணக்கு எளிமையானது: விட்டத்தின் 12 மடங்கு ஆரம், உச்ச அளவு 15 மீட்டர். அந்த முறையில் விட்டத்தை 1.5 மீட்டர் உயரத்தில் எடுப்பார்கள், 1.37-ல் எடுத்தால் வட்டம் ஓரிழை பெரிதாகும், அதனால் கெடுதல் இல்லை. களத்தில் சுற்றளவை நேரே 3.8-ஆல் பெருக்கிவிடலாம். சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் ஆரம் 8.4 மீட்டர், பரப்பு சுமார் 222 சதுர மீட்டர். அடியிலிருந்தே இரண்டு முதல் ஐந்து தண்டாகப் பிரிந்த மரத்துக்கு ஒவ்வொரு விட்டத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 30, 30, 40 செ.மீ. தண்டுகள் சேர்ந்து 58 செ.மீ., ஆரம் 7 மீட்டர். நூற்றாண்டு கண்ட மருதுக்கும் இலுப்பைக்கும் 15 மடங்கு வைத்து, 15 மீட்டர் உச்ச வரம்பை விட்டுவிடுங்கள். பழைய மரம் வேரிழப்பைத் தாங்காது. பனைக்கும் தென்னைக்கும் இந்தப் பெருக்கல் பொருந்தாது. அவற்றின் வேர் அடியிலிருந்து சரம்சரமாகக் கிளம்புவது. சுற்றிலும் குறைந்தது 2 மீட்டர் தொடாமல் விடுவது எங்கள் வழக்கம். மூங்கிலைத் தூறு தூறாகக் குறித்துத் தூறின் குறுக்களவை எழுதினால் போதும்.

ஆற்றங்கரையில் வட்டம் வட்டமாக இருப்பதில்லை. மேலே சொன்ன 8.4 மீட்டர் மரத்துக்கு 3 மீட்டர் தூரத்தில் கரை செங்குத்தாக அறுபட்டிருந்தால், வட்டத்தில் சுமார் 60 சதுர மீட்டர் காற்றில் நிற்கிறது. மரம் அந்த இழப்பை நிலப்பக்கத்தில்தான் ஈடுகட்டியிருக்கும். அதே பரப்பு கிடைக்க நிலப்பக்க ஆரத்தை ஏறக்குறைய 10 மீட்டராக்க வேண்டும். அணுகுபாதை வருவதும் அந்தப் பக்கம்தான். பல நல்ல மருதுகள் போனதற்கு இந்த ஒன்றரை மீட்டர்தான் காரணம்.

கரையும் தண்டும்

கரைப்பக்கம் இறங்கி, அடிமரத்துக்குக் கீழே ஒரு கம்பியைக் கிடையாகச் செருகிக் குடைவின் ஆழத்தை அளங்கள். தண்டின் நடுக்கோட்டைத் தாண்டிக் குடைந்திருந்தால் மரம் நிலப்பக்க வேர்களில் மட்டுமே தொங்குகிறது என்று பொருள். அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டினாலும் போய்விடும். மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்த இடங்களில் இது சாதாரணக் காட்சி. சாய்வு பழையதா புதியதா என்பதைத் தண்டைப் பார்த்தே சொல்லலாம்: பழைய சாய்வில் நுனி மீண்டும் நிமிர்ந்து வளைந்திருக்கும். புதிய சாய்வில் தண்டு நேராகவே சரிந்திருக்கும், பின்பக்க மண்ணில் பிறை வடிவ வெடிப்பு இருக்கும்.

தண்டில் முதலில் மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். ‘டொம்’ என்று எதிரொலித்தால் உள்ளே பொந்து. பொந்து இருப்பதாலேயே மரம் விழாது. மிஞ்சிய நல்ல கட்டையின் தடிமன் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும்போதுதான் கவலை. 40 செ.மீ. ஆரத்துக்கு 13 செ.மீ. நல்ல சுவர் இருந்தால் பெரும்பாலும் நிற்கும், ஒரு பக்கம் திறந்திருந்தால் அந்தக் கணக்குச் செல்லாது. அடியில் விசிறிபோலத் தட்டுக் காளான், அதாவது கானோடெர்மா, தெரிந்தால் மேலே கொப்பு எவ்வளவு பசுமையாக இருந்தாலும் நம்ப வேண்டாம். வேர்க்கழுத்து உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். கவையில் இரண்டு தண்டும் பட்டையை நடுவே நசுக்கிக்கொண்டு ஒட்டியிருந்தால் காற்றில் பிளப்பது அங்கேதான்.

நம்மூர்க் கரைகளுக்கே உரிய காயங்கள் இரண்டு. மருதம்பட்டையை மருந்துக்காக உரிப்பது ஒன்று: உரித்த பட்டையின் அகலம் சுற்றளவில் எத்தனை பங்கு என்று எழுதுங்கள், முழுச் சுற்றும் உட்பட்டையோடு போயிருந்தால் மரம் தப்பாது. மற்றது படித்துறை, சுடுகாட்டுப் பக்கங்களில் அடிமரத்தில் குப்பை கொளுத்திக் கரிந்த குழி.

மரத்தில் குடியிருப்பவற்றையும் எழுதுங்கள். பொந்துகளில் கிளி, ஆந்தை, மைனா. உயரக் கிளையில் மலைத்தேனீ அடை. கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால். வேரிடுக்கில் நீர்நாயின் எச்சமும் மீன் செதிலும். அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் பகலில் தெரியாதது தெரியும். கிளிகள் கூடு வைக்கும் ஜனவரி முதல் மே வரை பொந்துமரத்தில் கை வைக்கக் கூடாது. தேனடை இருக்கும் மரத்தின் அருகே பாறை உடைப்பானை ஓட்டினால் வேலையாட்களே கொட்டு வாங்குவார்கள். இதைச் சொன்னால் ஒப்பந்ததாரர் உடனே கேட்பார்.

தரம் பிரித்தல்

40 ஆண்டுக்கு மேல் நிற்கக்கூடிய சிறந்த மரம் முதல் தரம், 20 ஆண்டுக்கு மேல் இரண்டாம் தரம், 10 ஆண்டாவது நிற்கக்கூடியதோ 15 செ.மீ.-க்குக் குறைந்த விட்டமுள்ள இளமரமோ மூன்றாம் தரம், பத்தாண்டும் தாங்காதது தள்ளுபடி. கரையில் இதனோடு ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்: இந்த வேர் போனால் கரை நிற்குமா? தண்டு பொந்தாகித் தள்ளுபடியான மருதுகூடக் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதைத் தாழ வெட்டிக் கட்டையை விட்டுவிட்டால் துளிர்க்கும், வேர் மண்ணை விடாது. சீமைக்கருவேலத்தை எடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை, ஆனால் ஜேசிபியால் பிடுங்கினால் பக்கத்து மருதின் வேரும் சேர்ந்து வரும். கரைச்சரிவில் கையால் அறுத்து அடிக்கட்டையை விடுவதே நல்லது.

‘பெயர்த்து வேறிடத்தில் நடுவோம்’ என்பது கூட்டங்களில் சுலபமாகச் சொல்லப்படும் வழி. அரசு, ஆல் வகைகள் ஓரளவு பிழைக்கும். 30 செ.மீ. தண்டுக்கே 3 மீட்டர் அகல மண்கட்டி வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது 12 டன் வரும். அதைத் தூக்கும் கிரேன் நிற்க வேறு மூன்று மரங்களின் வேரை மிதிக்க வேண்டியிருக்கும்.

பொது நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பனைக்கும் ஆட்சியர் அனுமதி தேவை. கரையே நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். நாகர் கல் வைத்த அரசும் வேம்பும் இருந்தால் ஊராரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

வரைபடத்திலிருந்து களத்துக்கு

வேர் வட்டங்களைப் பாலத்தின் வரைபடத்தில் ஏற்றினால் எங்கே மோதுகிறது என்று தெரியும். அங்கே கையால் 60 செ.மீ. ஆழத்துக்குச் சோதனைக் குழி எடுங்கள். உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி அந்த ஆழத்துக்குள் இருக்கும். 25 மி.மீ.-க்குக் குறைந்த வேரைக் கைரம்பத்தால் சுத்தமாக அறுக்கலாம். அதற்கு மேல் பருத்ததை மரம் தெரிந்தவரைக் கேட்காமல் தொடக் கூடாது. திறந்த வேரை ஈரச் சாக்கால் மூடி அன்றே மண் போட வேண்டும். பருத்த வேர்கள் குறுக்கிட்டால் அகன்ற அடித்தளத்தைக் கைவிட்டு, வேர்களுக்கு இடையே இறங்கும் சிறு துளைத்தூண்களும் தரைக்கு மேலே அவற்றை இணைக்கும் உத்தரமும் கேளுங்கள். விலை கூடும், தோண்டுவது குறையும்.

வட்டத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் உயரத்தில் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடிக்க வேண்டும். ரிப்பன் கட்டிய வேலி முதல் நாள் மாலையே டீ குடிக்கும் இடமாகிவிடும். வட்டத்துக்குள் ஆள் நடந்தே ஆக வேண்டுமென்றால் 10 செ.மீ. மரச்சில்லு பரப்பி மேலே பலகை. 2 டன் வரையான வண்டிக்கு 15 செ.மீ. சில்லும் ஒன்றோடொன்று பூட்டிய தட்டுகளும். அதற்கு மேல் கனமானதற்குப் பொறியாளர் தனியே வடிவமைக்க வேண்டும். ஈர வண்டல் மண்ணில் ஒரே தடவை லாரி போனாலும் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது. சிமென்ட் கழுவும் தண்ணீர் மேட்டிலிருந்து வட்டத்துக்குள் ஓடாமல் பாருங்கள். அணுகுபாதைக்காக அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டுவதுதான் அதிகம் நடப்பது, அதிகம் கொல்வதும் அதுவே. 30 செ.மீ. மண் ஏறினாலே வேர் மூச்சுமுட்டும், மரம் சாக இரண்டு மூன்று ஆண்டு எடுப்பதால் பழி யார் மீதும் விழாது.

நடைதளத்துக்கு மேலே 2.5 மீட்டர் தலைவழி வேண்டும். அதற்காகக் கழிக்கும் கிளையைக் கிளைக்கழுத்தில் (தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பை ஒட்டி) அறுங்கள், ஒரே முறையில் கொப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம், வெட்டில் தார் பூச வேண்டாம். பாலத்தின் பராமரிப்புப் பதிவேட்டிலேயே மரங்களின் எண்களையும் சேர்த்து, முதல் வெள்ளத்துக்குப் பிறகு கரைக்குடைவையும், அடுத்த ஐந்து கோடைகளில் கொப்பின் நுனி காய்வதையும் அதே படிவத்தில் எழுதி வர வேண்டும்.