ராஸ்பெரி பை 4ஐ டிவியில் இணைக்க

ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் படம் வெளியே வரும் துளை மைக்ரோ எச்டிஎம்ஐ. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வயர் வாங்கும்போது மினி எச்டிஎம்ஐ கையில் வந்துவிடாமல் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே தோற்றம், ஆனால் செருக முடியாது. இரண்டு துளைகளில் பவர் வயருக்குப் பக்கத்தில் உள்ளதையே பாவியுங்கள். முதலில் டிவியைப் போட்டு, சோர்ஸில் எச்டிஎம்ஐயைத் தெரிவுசெய்து, பிறகே பைக்குக் கரண்ட் கொடுங்கள். மாற்றிச் செய்தால் டிவி இருப்பதே அதற்குத் தெரியாமல் திரை கறுப்பாக நிற்கலாம்.

உண்மையான தலையிடி கரண்ட்தான். பைக்கு 5 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். டிவியின் யூஎஸ்பி பெரும்பாலும் 0.5 அம்பியர்தான் தரும். சார்ஜரை மிச்சம்பிடிக்க அதில் மாட்டாதீர்கள். மெல்லிய, நீளமான வயரிலும் வோல்டேஜ் இறங்கும். கரண்ட் போதாவிட்டால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும், படம் ஓடும்போதே பை அணைந்து திரும்ப எழும்பும், எஸ்டி கார்ட் கூடப் பழுதாகலாம்.

ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் சைஸை ஸ்கிரீன் ஃபிட் ஆக்குங்கள். சத்தம் இல்லையா? பையின் திரையில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் எச்டிஎம்ஐயைத் தெரிவுசெய்யுங்கள்.

பழைய பெட்டி டிவி என்றால் 3.5 மிமீ ஏவி வயர் போதும். ஆனால் அந்த வெளியீடு அணைத்தே வரும். பையின் செட்டிங்கில் இயக்க வேண்டும். வயரின் மஞ்சள் முனையில் படம் வராவிட்டால் சிவப்பு முனையை மாட்டிப் பாருங்கள், கம்கோடர் (வீடியோ கமெரா) வயர்களில் ஒழுங்கு வேறு.