மதுரை வெயிலில் பூப்பாத்தி: எந்த மாதம், என்ன பூ?

நர்சரியில் பூத்து நிற்கிறதே என்று செடியைத் தூக்கி வராதீர்கள். எந்த மாதம் பாத்தி நிறையப் பூ வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். பத்தடி நீளம், மூன்றடி அகலப் பாத்தி தொடக்கத்துக்குப் போதும்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்புங்கள். செம்மண்ணில் சீக்கிரம் வடியும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் வெகுநேரம் நிற்கும். அங்கே பாத்தியை முக்கால் அடி உயர்த்தியே ஆக வேண்டும். நன்கு மட்கிய சாண எருவை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, அரை அடி ஆழம் கொத்திக் கலக்குங்கள். பச்சைச் சாணி வேண்டாம், வேர் வெந்துபோகும்.

கோடைக்கு மாசியிலேயே நட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் இளஞ்செடி வேர் பிடிக்காது. ஓரத்தில் டேபிள் ரோஸ். மூன்று அங்குலத் தண்டை ஒடித்துச் செருகினாலே பிடிக்கும். நடுவில் ஒரு அடி இடைவெளியில் நித்தியகல்யாணி, வாடாமல்லி. நாள் முழுக்க வெயில் விழும் இடமாக இருக்கட்டும். நிழலில் டேபிள் ரோஸ் மலராது.

நித்தியகல்யாணியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, செடி தாகத்தில் வாடியதுபோலத் தலை தொங்கும். உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், செடி போய்விடும். மண்ணை ஒட்டிய தண்டைப் பாருங்கள்: கருத்து, விரலுக்கு மெத்தென்று இருந்தால் அழுகல். பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றவற்றுக்கு மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே நீர் விடுங்கள்.

ஆயுத பூஜைக்குக் கேந்தி (செண்டுமல்லி) வேண்டுமா? 80 முதல் 90 நாளுக்கு முன்பே, ஆனிக் கடைசியிலோ ஆடிப் பிறப்பிலோ விதையுங்கள். 25 நாள் நாற்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை நட்டால் 14 செடி. நட்ட ஒரு மாதத்தில் உச்சியில் மொட்டு தலைகாட்டும். மனசு வராதுதான், ஆனாலும் மொட்டோடு சேர்த்து நுனியை நகத்தால் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து, ஒரு பூ நின்ற இடத்தில் பல பூ வரும். கிள்ளாத செடி ஒற்றையாக உயர்ந்து, ஐப்பசி மழையில் சாயும்.

மார்கழிக் குளிருக்குப் பெட்டூனியா, டயாந்தஸ் நாற்றுகளைக் கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்த பிறகு வாங்கி நடுங்கள். மாசி வெயில் ஏற ஏற அவை சோர்ந்துவிடும். காப்பாற்றப் போராடாமல் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் டேபிள் ரோஸ் தண்டைச் செருகுங்கள்.