இன்சுலின் தாளை மாற்றி எழுதினோம்

சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். இன்சுலின் ஆரம்பிப்பவர்களுக்கு நாங்கள் கொடுத்த தாளில் '2 முதல் 8 டிகிரி செல்சியஸில் பாதுகாக்கவும்' என்று இருந்தது. ஒரு அம்மா மருந்துக் குப்பியை ஃப்ரீசரில் வைத்துவிட்டார். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. ஒரு பெரியவர், "வீட்ல ஃப்ரிட்ஜே இல்ல தாயி" என்றார். தப்பு எங்கள் தாளில்தான்.

ஒரு வாரம், வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்: "வீட்டுக்குப் போனதும் எதுல குழப்பம் வருது?" எங்கள் தாளின் முதல் பக்கம் முழுக்கக் கணையம். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "திடீர்னு வேர்த்து, கை நடுங்குனா என்ன செய்ய?" என்றுதான் கேட்டார்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு ரொம்ப இறங்கினால் அப்படி ஆகும்.

புதிய தாளில் அதுவே முதல் பக்கம்: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கவும், 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்கவும். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் மூடிய டப்பாவில் குப்பி இருக்கும் படம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பெரியவரிடமே நீட்டி, "இதைப் பார்த்து எனக்குச் சொல்லிக் கொடுங்க ஐயா" என்றேன். பானையை அடுப்பு என்று நினைத்துவிட்டார். திரும்ப வரைந்தோம்.